ஆறு விநாடியில் இறங்கிய லிஃப்ட்

நேற்று மாலை மினி டிராக்டரின் பின்னால் உள்ள லிஃப்ட்டில், மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை முழு உயரத்துக்குத் தூக்கி, எஞ்சினை அணைத்துவிட்டு, லீவரைத் தொடாமல் வந்துவிட்டேன். பின்தகட்டின் அடிவிளிம்பிலிருந்து தரை வரை 41 செ.மீ. காலையில் அதே இடத்தில் டேப்பை வைத்துப் பார்த்தால் 40.4. இரவு முழுக்க ஆறே மில்லிமீட்டர்தான் இறங்கியிருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் இதே லிஃப்ட் ஆறு விநாடியில் தரையைத் தொட்டது. நடுவில் இரண்டு முறை வண்டியைப் பிரித்தேன், ஒரு முறை தேவையே இல்லாமல் எண்ணெய் மாற்றினேன், ஒரு முறை என் செல்பேசிப் படத்தை நம்பி ஏமாந்தேன். மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

வண்டி மூன்று சிலிண்டர் டீசல் மினி டிராக்டர். நாலு சக்கர இழுவை. கைமாறி வந்தது. கூடவே வந்த விவரத்தாளில் இருந்தவை: எஞ்சின் 24 ஹெச்பி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில். பிடிஓவில் (பின்னால் மாட்டும் கருவியைச் சுழற்றும் தண்டு) கிடைப்பது 20 ஹெச்பி. பிடிஓ தண்டு ஆறு பல், 540 சுற்று. அந்த 540 வர எஞ்சின் 2,400ல் ஓட வேண்டும். கியர் முன்னால் 9, பின்னால் 3. வீல்பேஸ் (முன் பின் அச்சுகளின் இடைவெளி) 1,550 மி.மீ., எடை 870 கிலோ. கருவியை மாட்டும் மூணு பாயிண்ட் இணைப்பு (கீழே இரண்டு லிங்க், மேலே ஒன்று) கேட்டகரி 1. கீழ் லிங்க் பின் 22 மி.மீ., டாப் லிங்க் பின் 19 மி.மீ. ஹைட்ராலிக் பம்பு நிமிடத்துக்கு 18 லிட்டர், அழுத்தம் 150 பார், தூக்கும் திறன் 750 கிலோ.

வாங்கும்போது நான் பார்த்தது முதல் வரியை மட்டும்தான். கடைசி வரியில் இருந்த மூன்று எண்களும் எனக்கு வெறும் அலங்காரம். என் ரோட்டவேட்டர் 1.2 மீட்டர் அகலம், 230 கிலோ. 750ல் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை, லிஃப்ட் என்ன செய்துவிடும் என்று இருந்துவிட்டேன்.

கோளாறு ஒரே நாளில் வரவில்லை. முதலில் ராத்திரி தூக்கி நிறுத்தினால் காலையில் தரையில் கிடக்கும். எல்லா லிஃப்ட்டும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு ஒரு மணி நேரத்தில் இறங்கியது. அதற்கும் பிறகு, வேலை நடுவில் வரப்புத் திருப்பத்தில் தூக்கிப் பிடித்தால் தலையாட்ட ஆரம்பித்தது. அரை சாண் இறங்கும், தானே விருட்டென்று ஏறும், மறுபடி இறங்கும். பொசிஷன் லீவர் (உயரத்தைக் குறித்து வைக்கும் லீவர்) சொன்ன உயரத்திலிருந்து லிஃப்ட்டின் தூக்கும் கை இறங்கியதும் வால்வு திறந்து பம்பு மறுபடி தூக்குகிறது. எங்கேயோ கசிந்து மறுபடி இறங்குகிறது. சூடான பின் எண்ணிப் பார்த்தேன், நிமிடத்துக்கு இருபது தடவைக்கு மேல். அதைப் பார்த்த அன்றே நிறுத்தியிருக்க வேண்டும். இன்னும் இரண்டு நாள் ஓட்டினேன்.

பழுது பார்க்க உட்கார்ந்த அன்று செய்த ஒரே உருப்படியான காரியம், ஒரு நோட்டில் நேரங்களைக் குறித்தது. எஞ்சின் 900 சுற்றில், ரோட்டவேட்டர் மாட்டியபடி:

குளிர்ந்த நிலையில் தரையிலிருந்து முழு உயரம் ஏற 4 விநாடி. எஞ்சினை அணைத்தபின் தரைக்கு வர 36 விநாடி.

ஒரு மணி நேரம் உழுதபின் ஏற 8 விநாடி, இறங்க 6 விநாடி.

ரேஸ் கொடுத்தால் சூட்டிலும் சட்டென்று ஏறியது. இதில்தான் நான் முதல் தடவை சறுக்கினேன். ரேஸ் கொடுத்தால் ஏறுகிறது, குறைத்தால் தடுமாறுகிறது என்றால் பம்பு தேய்ந்துவிட்டது, அல்லது எண்ணெய் நீர்த்துப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். பம்பு விலையுள்ள பொருள். ஆகவே முதலில் எண்ணெய்.

இந்த வண்டியில் கியர்பெட்டி, பின் அச்சு, பிரேக், ஹைட்ராலிக் எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணெய்தான். பிரேக் தட்டுகள் எண்ணெயிலேயே மூழ்கி இருப்பவை. கையில் இருக்கிறதே என்று எஞ்சின் ஆயிலை ஊற்றிவிட முடியாது, பிரேக் கெட்டுப்போகும். வெட் பிரேக் டிராக்டருக்கான டிரான்ஸ்மிஷன் எண்ணெய்தான் வேண்டும். மொத்தம் 22 லிட்டர். பழையதை வடித்தேன். பால்போல வெளுத்திருந்தால் தண்ணீர் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம். என்னுடையது தேன் நிறத்தில் சுத்தமாகத்தான் இருந்தது. அப்போதே கை நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை.

உறிஞ்சு குழாயின் சல்லடையைக் கழற்றினால் அதில் நீலநிறத்தில் மண்புழுத் துண்டுகள் மாதிரி என்னவோ ஒட்டியிருந்தது. பிய்த்துப் பார்த்தேன், சிலிகான் பசை. பட்டாணி அளவில் ஏழு துண்டு. கேஸ்கட்டுக்குத் தடவுகிற பசை, அளவுக்கு மீறிப் பூசினால் உள்ளே பிதுங்கி, உடைந்து, எண்ணெயோடு சுற்றும். இதுதான் காரணம் என்று துள்ளிக் குதித்தேன். சல்லடை அடைத்தால் பம்பு கீச்சிடும், எண்ணெய் நுரைக்கும். என் வண்டியில் கீச்சும் இல்லை, நுரையும் இல்லை. அதையெல்லாம் யோசிக்கிற மனநிலையில் நான் இல்லை. அந்தப் பசை சொல்ல வந்த செய்தி வேறு: எனக்கு முன்னால் யாரோ இந்த லிஃப்ட் மூடியைத் திறந்திருக்கிறார்கள். அது உறைக்க எனக்கு இன்னும் பத்து நாள் ஆனது.

புது எண்ணெய், புது வடிகட்டி, சுத்தமான சல்லடை. ஓட்டிப் பார்த்தேன். சூட்டில் ஏற 8 விநாடி, இறங்க 6 விநாடி. ஒரு விநாடிகூட மாறவில்லை.

அடுத்து பம்பு. இந்தத் தடவை வாங்குவதற்கு முன் அளந்துவிடலாம் என்ற புத்தி வந்தது. 250 பார் வரை காட்டும் அழுத்தமானியைக் கடன் வாங்கி, பின்னால் டிரெய்லர் ஜாக்கிக்கு எண்ணெய் எடுக்கும் துணை வாயில் மாட்டினேன். அந்த லீவரைத் தள்ளினால் எண்ணெய் லிஃப்ட் பக்கம் போகாமல் மானியோடு முட்டி நிற்கும், அழுத்தம் மிஞ்சாமல் காக்கும் ரிலீஃப் வால்வு திறந்துகொள்ளும். குளிரில் 148 பார், சூட்டில் 146. ஊசி ஆடவில்லை. விவரத்தாளில் 150. பம்பும் ரிலீஃப் வால்வும் குற்றமற்றவை. இந்தச் சோதனையை ஐந்து விநாடிக்கு மேல் நீட்டக்கூடாது. 150 பாரில் 18 லிட்டர் என்றால் 4.5 கிலோவாட், அவ்வளவும் எண்ணெயைச் சூடாக்கத்தான் போகும். (பாரையும் லிட்டரையும் பெருக்கி 600ஆல் வகுத்தால் கிலோவாட். சுமார் 6 ஹெச்பி. பிடிஓவை ஓடவிட்டபடியே ரோட்டவேட்டரைத் தூக்கும்போது இந்தச் சின்ன எஞ்சின் ஏன் ஒரு கணம் கறுப்பாக மூச்சுவிடுகிறது என்பது அப்போதுதான் புரிந்தது.)

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அழுத்தக் குழாயில் கசிவு தேடுகிறேன் என்று இணைப்புகளைக் கையால் தடவாதீர்கள். ஊசி முனை ஓட்டையிலிருந்து பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அறுவை சிகிச்சை வரை இழுத்துவிடும். ஒரு அட்டைத் துண்டைக் காட்டினால் போதும், எண்ணெய் அடித்தால் கறை விழும்.

அழுத்தமானியைத் திருப்பிக் கொடுக்கப் போன இடத்தில்தான் விடை கிடைத்தது. கடன் கொடுத்தவர் பல வருடம் டிராக்டர் பிரித்த கை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, “தம்பி, சீட்டுக்கு அடியில ஒரு குமிழ் இருக்குமே, அதை மூடிப் பார்த்தியா?” என்றார்.

“அது இறங்கற வேகத்துக்குத்தானே அண்ணே?”

“முழுசா மூடினா சிலிண்டர் தனியாப் போயிடும். மூடின பிறகும் இறங்குதுன்னா சிலிண்டர். நின்னுச்சுன்னா மேல இருக்கற வால்வு. பத்து நிமிஷ வேலை, இதுக்கு எதுக்கு எண்ணெயை எல்லாம் கொட்டினே?”

வந்து பார்த்தேன். தூக்கி, குமிழை இறுக மூடி, எஞ்சினை அணைத்தேன். 36 விநாடியில் தரை. குமிழ் திறந்திருந்தபோதும் அதே 36. ஆக, எண்ணெய் கட்டுப்பாட்டு வால்வு வழியாகத் திரும்பிப் போகவில்லை. சிலிண்டருக்குள்ளேயே பிஸ்டன் சீலைத் தாண்டிப் போகிறது. அல்லது சிலிண்டர் தலையில் இருக்கும் சின்ன பாதுகாப்பு வால்வு கசிய வேண்டும். அதுவும் இந்தப் பக்கம்தான். இரண்டில் எதுவானாலும் மூடியைத் திறந்தாக வேண்டும்.

இந்த வகை வண்டியில் லிஃப்ட் சிலிண்டர், சீட்டுக்குக் கீழே இருக்கும் வார்ப்பிரும்பு மூடியின் அடிப்பக்கத்தில் தொங்குகிறது. ஒரு பக்கம் மட்டும் எண்ணெய் தள்ளும் வகை. தூக்குவது எண்ணெய், இறக்குவது கருவியின் எடை. பிரித்த வரிசை: ரோட்டவேட்டரைக் கழற்றித் தரையில் வைத்தேன். கைகளைக் கீழே இறக்கினேன். நான்கு சக்கரத்துக்கும் கட்டை. சீட்டு, சீட்டுத் தாங்கி, தூக்குக் கம்பிகள் இரண்டு, அழுத்தக் குழாய், லீவர் இணைப்புகள். எண்ணெயை மூடியின் விளிம்புக்குக் கீழ் வரும்வரை, ஒரு ஒன்பது லிட்டர், வடித்தேன். புத்தம்புது எண்ணெய், வயிறு எரிந்தது. பிறகு மூடியின் 12 போல்ட், 19 ஸ்பேனர். மூடியும் கைத்தண்டும் சிலிண்டருமாகச் சேர்ந்து அறுபது கிலோவுக்குக் குறையாது. தனியாள் தூக்குகிற சமாச்சாரம் இல்லை. இரும்புக் குழாயில் முக்காலி கட்டி, செயின் பிளாக்கில் தொங்கவிட்டேன். மூடி எளிதில் பிரியவில்லை, நீலப் பசை அப்படிப் பிடித்திருந்தது. உளி வைத்து அடித்தால் மூடியின் பொருந்துமுகம் கீறும். நான்கு மூலையிலும் மரச் சுத்தியலால் தட்டித் தட்டி, கால் மணி நேரத்தில் விட்டது.

சிலிண்டரைக் கழற்றி, பிஸ்டனை வெளியே எடுக்க எண்ணெய்த் துளையில் காற்று கொடுக்க வேண்டும். கம்பிரஸர் அழுத்தத்தை இரண்டு பாருக்குக் குறைத்தேன். சிலிண்டர் வாயைச் சாக்கில் சுற்றி, எதிரே மரக்கட்டை வைத்தேன். அப்படியும் ‘டொப்’ என்று வந்து கட்டையில் ஒரு வளையம் பதித்தது. எதிரே கை இருந்திருந்தால் விரல் போயிருக்கும்.

வெர்னியர் வைத்து எடுத்த அளவுகள்: பிஸ்டன் 64.92 மி.மீ. சிலிண்டர் உள்விட்டத்துக்கு வெர்னியரை நம்ப முடியாது; போர் கேஜ் கடன் வாங்கி, மேலே 65.02, நடுவில் 65.04. பிஸ்டன் ஓட்டம் 110 மி.மீ. பரப்பு 33 சதுர செ.மீ.; முழு ஓட்டத்துக்கும் சேர்ந்து உள்ளே போகும் எண்ணெய் 365 மில்லி. இந்த எண் கிடைத்ததும் நோட்டில் எழுதி வைத்திருந்த விநாடிகள் பேச ஆரம்பித்தன. 900 சுற்றில் பம்பு தருவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 6.5 லிட்டர், அதாவது விநாடிக்கு 108 மில்லி. கசிவே இல்லையென்றால் 3.4 விநாடியில் ஏற வேண்டும். சூட்டில் 8 விநாடி எடுக்கிறது என்றால் தருவதில் பாதிக்கு மேல் சீலைத் தாண்டி ஓடுகிறது. எஞ்சினை அணைத்தபின் 365 மில்லியும் 6 விநாடியில் காலியாவதும் அதே கணக்கு. பம்பு மேல் பழி போட இடமே இருந்திருக்கவில்லை. ரேஸ் கொடுத்தால் ஏறியதற்குக் காரணம் கசிவை மிஞ்சும் அளவுக்குப் பம்பு தள்ளியதுதான்.

150 பாரில் இந்த 65 மி.மீ. பிஸ்டன் மேல் விழும் விசை சுமார் 5 டன். உள்ளங்கையில் அடங்குகிற வட்டம். அந்த ஐந்து டன்னைத் தரும் எண்ணெயைக் கசியாமல் தடுத்து நிறுத்துவது ஒரு ரப்பர் வளையம்.

அந்த வளையத்தைப் பார்த்தேன். 5.3 மி.மீ. தடிமன் உள்ள ஓ-ரிங். வட்டமாக இருக்க வேண்டிய வெட்டுமுகம் ஒரு பக்கம் தட்டையாகி, விளிம்பு எலி கொறித்தது போல நறுக்கு நறுக்காகப் போயிருந்தது. அதே பள்ளத்தில் பக்கத்தில் ஒரு வெள்ளை டெஃப்லான் வளையம். அது மட்டும் புதிதுபோலப் பளபளவென்று இருந்தது. இரண்டும் இருந்த வரிசையைப் படம் எடுத்துக்கொண்டேன். எதைப் பிரித்தாலும் படம் எடு என்று எல்லோரும் சொல்வார்கள் அல்லவா.

சிலிண்டர் சுவரில் நெடுக்குவாட்டில் மெல்லிய கோடுகள். நகத்தால் குறுக்கே இழுத்தால் தட்டவில்லை, அதனால் மாற்றத் தேவையில்லை. 600 உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, விரலில் சுற்றி, சாய்குறுக்காகத் தேய்த்தேன். நெடுக்கில் தேய்த்தால் நாமே எண்ணெய்க்கு வாய்க்கால் வெட்டிக் கொடுத்த மாதிரி ஆகும். பிறகு டீசலில் கழுவி, வெள்ளைத் துணியால் துடைத்தேன். துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடைப்பு. பாதுகாப்பு வால்வின் பந்தும் இருக்கையும் சுத்தமாக இருந்தன. நிறுத்தி வைத்து டீசல் ஊற்றினேன், அரை மணி நேரத்தில் ஒரு சொட்டுகூட இறங்கவில்லை.

புது ஓ-ரிங் அளவு பார்த்து வாங்கினேன். கடினம் 70 ஷோர், 90 ஷோர் என்று இரண்டு இருந்தன. 70 மிருதுவாக, பள்ளத்தில் எளிதாக ஏறியது. அதையே எடுத்துக்கொண்டேன். டெஃப்லான் வளையமும் புதிது. படத்தைப் பார்த்து, அச்சு அசலாக அதே வரிசையில் மாட்டினேன். மூடி, கேஸ்கட், போல்ட், எண்ணெய். 900 சுற்றில் 3.5 விநாடியில் ஏறியது. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆறு மணி நேர வேலைதான் தாங்கியது. மூன்றாம் நாள் திருப்பத்தில் மறுபடி தலையாட்டல்.

இரண்டாம் முறை பிரித்தபோது முதல் முறை போல ஒரு முழு நாள் ஆகவில்லை, நான்கு மணி நேரம். ஓ-ரிங்கை எடுத்துப் பார்த்தால் அதே கொறிப்பு, அதே பக்கம். டெஃப்லான் வளையம் அதே பளபளப்பு. அதை வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய் எந்தப் பக்கமிருந்து வருகிறது? சிலிண்டரின் மூடிய தலைப்பக்கத்திலிருந்து. அப்படியென்றால் அது ஓ-ரிங்கை எதிரே உள்ள பிஸ்டன் தண்டுப் பக்கம் தள்ளுகிறது. தள்ளுகிற வேகத்தில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையிலுள்ள மயிரிழை இடுக்கில் ரப்பர் நுழையப் பார்க்கும். அங்கே நுழையாதபடி முட்டுக் கொடுக்கத்தான் அந்த டெஃப்லான் வளையம். அது ஓ-ரிங்குக்குத் தண்டுப் பக்கம் நிற்க வேண்டும். என் வண்டியில் தலைப்பக்கம் நின்றது. கதவுக்கு வெளியே கொடுக்க வேண்டிய முட்டுக்கட்டையை உள்ளே கொடுத்த கதை. முட்டு தேயாமல் புதிதாகவே இருந்ததற்கும் அதுதான் காரணம். அதன்மேல் வேலையே விழவில்லை.

எனக்கு முன் பிரித்தவர் தவறாக மாட்டியிருக்கிறார். நீலப் பசை அவருடைய கையெழுத்து. நான் அவர் தவறைப் படம் எடுத்து, அதை மூலப்பிரதியாக வைத்து நகல் எடுத்திருக்கிறேன். போதாக்குறைக்கு 70 ஷோர் என்ற மிருதுவான ரப்பர். அவருடையது மாதக்கணக்கில் ஓடியது, என்னுடையது ஆறு மணி நேரத்தில் போனது. சல்லடையில் பசையைப் பார்த்த அன்றே ‘இது கம்பெனியில் பூட்டியபடி இல்லை’ என்று குறித்திருந்தால், படத்தை நம்பாமல் பாகங்களின் வரைபடத்தைத் தேடியிருப்பேன். இப்போது தேடிப் பார்த்தேன், வரைபடத்தில் தெளிவாகவே இருக்கிறது.

இந்த முறை 90 ஷோர். அது பள்ளத்தில் ஏற மறுத்தது. எண்ணெயில் அரை மணி ஊறவிட்டு, நுனி மழுங்கிய பிளாஸ்டிக் தகட்டால் நெம்பி ஏற்றினேன். ஸ்க்ரூ டிரைவர் பட்டால் கீறல் விழும். டெஃப்லான் வளையம் சாய்வாக வெட்டப்பட்டது, வெட்டுமுனைகள் ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும். பள்ளத்தின் ஆழம் 4.6 மி.மீ.; ஓ-ரிங் வெளியே நன்றாகப் பிதுங்கி நிற்கும். சிலிண்டர் வாயின் சாய்வு விளிம்பில் ஒரு பிசிறு இருந்தது. முதல் முறை அதை நான் கவனிக்கவே இல்லை, உப்புத்தாளால் எடுத்துவிட்டேன். மெல்லிய தகரத்தைப் பிஸ்டனைச் சுற்றிப் பட்டையாகக் கட்டி, ரிங்குகளை அமுக்கிப் பிடித்தபடி மரக்கட்டையால் சீராக அழுத்த, உள்ளே போனது.

மூடிக்கு வெறும் கேஸ்கட்தான், பசை துளியும் இல்லை. 12 போல்ட்டும் 12 மி.மீ., 8.8 தரம். குறுக்கும் மறுக்குமாக மூன்று சுற்று: 30, 55, 75 நியூட்டன் மீட்டர். வடித்த எண்ணெயைச் சுத்தமான கேனில் ஓர் இரவு தெளியவிட்டு, மேலாக வார்த்து, மெல்லிய துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றினேன். அடியில் நின்ற ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டுப் புதிது சேர்த்தேன்.

ஸ்டார்ட் செய்து தூக்கினால் மேலே போய் ‘கிர்ர்ர்’ என்று ரிலீஃப் வால்வு கத்துகிறது. பிரித்துப் பூட்டியதில் பொசிஷன் லீவரின் பின்னூட்டக் கம்பி (கை எவ்வளவு ஏறியது என்று வால்வுக்குச் சொல்வது) நீளம் மாறியிருந்தது. பிஸ்டன் கடைசி வரை போய் முட்டுவதற்கு முன்பே வால்வு மூடிக்கொள்ள வேண்டும். கம்பியின் நட்டைத் தளர்த்தி அரைச் சுற்று திருப்புவது, தூக்கிப் பார்ப்பது, மறுபடி அரைச் சுற்று. தூக்கும் கை மேலே நின்ற பிறகு அதன் நுனியை நம் கையால் மேலே தூக்கினால் 10 முதல் 15 மி.மீ. ஆட்டம் இருக்கும்படி வைத்தேன். சத்தம் நின்றது. குளிரிலும் சூட்டிலும் 3.5 விநாடி.

செலவுக் கணக்கை ஒரே வரியில் சொல்லிவிடலாம். உண்மையில் வேண்டியிருந்தது ஒரு ஓ-ரிங், ஒரு டெஃப்லான் வளையம், ஒரு கேஸ்கட். நான் தேவையில்லாமல் மாற்றிய 22 லிட்டர் எண்ணெயின் விலையில் இவை மூன்றும் சேர்ந்து இருபதில் ஒரு பங்குகூட வராது.

லிஃப்ட் சரியானதும் அந்த 750 கிலோவைச் சோதித்துப் பார்க்க ஆசை வந்தது. இரும்புச் சட்டம் ஒன்றில் 200 லிட்டர் டிரம் இரண்டு, தண்ணீர் நிரப்பி. டிரம் ஒன்று 18 கிலோ, ஆக 436 கிலோ. டிரம்களின் நடு, கீழ் லிங்க் முனையிலிருந்து 61 செ.மீ. பின்னால் வரும்படி வைத்தேன். லிஃப்ட் திணறவே இல்லை. ஆனால் டிரம் தரையைவிட்டு ஒரு சாண் ஏறியதும் ஸ்டியரிங் காற்றில் சுற்றுவது போல ஒரு விரலில் திரும்பியது. உடனே இறக்கிவிட்டேன்.

கணக்குப் போட்டால் அப்படித்தான் ஆக வேண்டும். எடைமேடையில் முன்சக்கரங்களை மட்டும் ஏற்றிப் பார்த்தபோது 370 கிலோ. பின் அச்சிலிருந்து லிங்க் முனை 70 செ.மீ., அதிலிருந்து டிரம் 61, மொத்தம் 131. வீல்பேஸ் 155. 436ஐ 131ஆல் பெருக்கி 155ஆல் வகுத்தால் 368. அவ்வளவும் முன்னச்சிலிருந்து கழிந்துவிட்டது. மிச்சம் இரண்டு கிலோ. சட்டத்தின் எடையைச் சேர்த்தால் அதுவும் இல்லை. தாளில் போட்டிருக்கும் 750 என்பது லிங்க் முனையிலேயே அளந்தது. சுமை பின்னால் தள்ளிப்போகப் போக லிஃப்ட்டின் திறனும் குறையும். ஆனால் இந்த வண்டியில் அதற்கு முன்பே முன்சக்கரம் தரையை விட்டுவிடும். சில தாள்களில் லிங்க் முனையில் ஒரு எண், 610 மி.மீ. பின்னால் ஒரு எண் என்று இரண்டும் இருக்கும். ஒன்றுதான் இருக்கிறது என்றால், அது பெரும்பாலும் பெரிய எண்தான்.

ரோட்டவேட்டருக்கு இதே கணக்கு: 230 கிலோ, எடைமையம் லிங்க் முனைக்குப் பின்னால் 45 செ.மீ. முன்னச்சில் மிஞ்சுவது 199 கிலோ. மொத்த எடை 1,100. அதில் 18 சதவீதம். திருப்பம் கைக்கு அடங்க முன்னால் 20 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பார்கள். ஈர மண்ணில் ரோட்டவேட்டரைத் தூக்கித் திருப்பும்போது வண்டி நேரே போகப் பார்த்ததற்கு நான் இத்தனை நாள் டயரைத் திட்டிக்கொண்டிருந்தேன். முன் டயரை மட்டும் பெரிதாக்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்லவேளை செய்யவில்லை, நாலு சக்கர இழுவையில் முன் பின் டயர் சுற்றளவு ஒன்றுக்கொன்று கணக்காகப் பொருத்தப்பட்டது, ஒன்றை மட்டும் மாற்றினால் முன்னச்சுப் பல்சக்கரங்கள் பாடுபடும்.

20 கிலோ வார்ப்புத் தகடுகள் நான்கு, முன்னச்சுக்கு அரை மீட்டர் முன்னால் தொங்கவிட்டால் முன்னச்சில் 106 கிலோ கூடும். பங்கு 26 சதவீதத்துக்கு வரும். தகடுகள் பழைய வண்டி ஒன்றிலிருந்து கிடைத்துவிட்டன. தொங்கவிடும் தாங்கியின் துளைகள்தான் என் பம்பருக்கு 8 மி.மீ. பொருந்தவில்லை. நீள்துளையாக வெட்டுவதா, புதுத் தாங்கி அடிப்பதா என்று இன்னும் முடிவெடுக்கவில்லை. அதுவரை ஈர மண்ணில் ரோட்டவேட்டரை மாட்டுவதில்லை. குமிழுக்கு மட்டும் சிவப்புப் பெயின்ட் அடித்து வைத்திருக்கிறேன்.